கம்பம் பாதி, மண் பாதி

மைசூரு மகாராஜா கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பர் 10 அன்று தன் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தை ஆரம்பித்தார். வீட்டின் பெயர் விட்டல் விஹார். கையில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி 30 வாட். பழைய காலத்துக் குண்டு ட்யூப்லைட் ஒன்றே 40 வாட் இழுக்கும். அந்த நிலையத்துக்கு இட்ட ஆகாசவாணி என்ற பெயரைத்தான் பின்னாளில் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. கல்லூரி வேலையோடு வேலையாக ஆறு ஆண்டுக்கு மேல் அவர் இழுத்துப் பிடித்து நடத்திய நிலையத்தை 1942இல் மைசூர் சமஸ்தான அரசு ஏற்றுக்கொண்டது.

இது தனி மனிதர்களின் கிறுக்கு எல்லை தாண்டி வேலை செய்த காலம். மெட்ராஸில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலையிலேயே 40 வாட்டில் ஒலிபரப்பிப் பார்த்துவிட்டது. அதற்கும் முன்பு, 1921இல், கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் ஒருவரோடொருவர் வானொலியில் பேசி, நாட்டின் முதல் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஆனார்கள். அவர்களுடைய வாரிசுகளைத்தான் இன்று ஹாம் என்கிறோம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதித் தேறினால், வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். பன்னிரண்டு வயது நிரம்பியவர் யாரும் எழுதலாம். கையில் லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரின் பொத்தானைத் தொடக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரான்ஸ்மிட்டரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அன்று கப்பலில் வந்தது, இன்று கூரியரில் வருகிறது. சொந்தமாகவே செய்ய நினைப்பவருக்கு, ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் மாதிரியான எளிய சர்க்யூட்டுகளும் இருக்கின்றன. ஏரியல் அப்படியல்ல. எங்கே நிற்கிறதோ அந்த இடத்தையும் சேர்த்ததுதான் ஏரியல். செங்குத்தாக நிற்கும் ஏரியலுக்கு, அதாவது ஹாம்கள் வெர்டிகல் என்று சொல்வதற்கு, இது நூற்றுக்கு நூறு பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் கம்பம் அதில் பாதிதான். மீதிப் பாதி காலடியில் கிடக்கிறது. மைசூரு ராமாபுரத்தில் ஒருவர் அதைக் கட்ட நினைத்தால் என்னென்ன விஷயங்கள் மேலே வந்து விழும் என்று பார்க்கலாம்.

முதலில் இடம். கர்நாடகத்தில் வீட்டு மனை என்றால் பெரும்பாலும் தர்ட்டி-ஃபார்ட்டி சைட்தான்: 30 அடிக்கு 40 அடி, அதாவது ஏறத்தாழ 9 மீட்டருக்கு 12 மீட்டர். மூலைக்கு மூலை பிடித்தாலும் 15 மீட்டர். இந்திய ஹாம்கள் அதிகம் கூடும் இடமோ 7 மெகாஹெர்ட்ஸ். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். 7க்கு ஏறத்தாழ 43 மீட்டர். பேச்சுவழக்கில் அதை 40 மீட்டர் பேண்ட் என்கிறார்கள். அந்த அலைக்குச் சாதாரண டைபோல் ஏரியல், இரண்டு கைகளையும் சேர்த்து, 20 மீட்டர் நீளம் வரும். அதை நீட்டிக் கட்ட வாகான தூரத்தில் இரண்டு தென்னை மரங்கள் வேண்டும். நம் மனைக்குள் ஒரு மரம் இருக்கும், இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரர் மனைக்குள் இருக்கும். அதோடு பேச்சு முடிந்தது.

வெர்டிகல் ஏரியலுக்குத் தேவை அலைநீளத்தில் கால் பங்குதான். கம்பம் நிற்கத் தரையில் ஒரு தட்டு அளவு இடம் போதும். வளர்வது மேல் நோக்கி. இந்தக் கால் பங்கு எப்படிப் போதுமாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1895இல் மார்கோனி தன் கருவியின் ஒரு முனையை உயரத்தில் தூக்கி மாட்டி, மறு முனையை மண்ணில் புதைத்தார். அதுவரை சில நூறு மீட்டரில் செத்துப்போன சிக்னல் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டி, குன்றுக்கு அப்பாலும் கேட்டது. (அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கம்பமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்; எல்லாம் மேஜைமேலேயே அடங்கிவிட்டது.)

மண்ணில் நட்டதால் என்ன ஆனது? கம்பியின் அடியில் மேல்நோக்கிப் பாயும் மின்னோட்டம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஒரு பக்கம் எலக்ட்ரான்களைத் தள்ளினால் மறு பக்கத்திலிருந்து அவற்றை இழுத்தாக வேண்டும். டைபோலில் அந்த மறு பக்கம் இன்னொரு கம்பி. வெர்டிகலில் அது தரை. தரை நன்றாகக் கடத்துமானால், அதற்கு அடியில் அதே உயரத்தில் தலைகீழாக இன்னொரு கம்பி நின்றால் மின்புலம் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே மேலே அமைகிறது. அரைக் கம்பி வைத்தவருக்கு முழு டைபோல் கிடைத்துவிடுகிறது. தரை நன்றாகக் கடத்தினால்தான் இதெல்லாம். அந்தச் சங்கதிக்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு கேள்வி: ஒரே அலைவரிசைக்கு ஒரு கம்பி என்று நிறுத்திக்கொள்ளாமல் பல பேண்டுகளுக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? வானம் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால்தான். சிற்றலைகள் தொலைதூரம் போவது அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து திரும்புவதால். 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்குதான் வளைத்து அனுப்பும் வேலையைச் செய்கிறது. அதற்கு வெகு கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் வரை, பகலில் மட்டும் உருவாகும் டி அடுக்கு இடையில் நின்று குறைந்த அலைவெண்களை விழுங்குகிறது. எனவே 7 மெகாஹெர்ட்ஸில் வெளிநாடு கேட்க வேண்டுமானால் சூரியன் மறைய வேண்டும். 14 பகலிலும் அந்திப் பொழுதிலும் உழைக்கும். 28 மெகாஹெர்ட்ஸ் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியை நம்பியிருக்கிறது. சூரியப் புள்ளிகள் பெருகிய ஆண்டுகளில் அஞ்சு வாட்டில் கண்டம் தாண்டும். குறைந்த ஆண்டுகளில் வெறும் இரைச்சல்.

தென்னிந்தியாவுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்முனை வழியாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் அந்தக் கோடுதான் காரணம். அதன் மேலே பகலில் எலக்ட்ரான்கள் உயரத் தூக்கப்பட்டு, வடக்கிலும் தெற்கிலும் சரிந்து குவிகின்றன. அடர்த்தியான அந்தக் குவியல் நமக்கு வடக்கே, நடு இந்தியாவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேல் கொஞ்சம் மெலிந்த வானம், வடக்கே தடித்த வானம். மைசூருவிலிருந்து வடக்கே போகும் உயர் அலைவெண்களுக்கு இது சில மாலைகளில் வரமாகிறது, சில இரவுகளில் சிக்னலைக் கன்னாபின்னாவென்று நடுங்க வைக்கிறது. எந்த மாலை எப்படி என்று சொல்ல முடியாததால், எல்லாப் பேண்டையும் கைக்குள் வைத்திருப்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரே கம்பத்தில் பல பேண்டுகளை ஏற்றப் பல வழிகள் இருக்கின்றன. கடையில் விற்கும் வெர்டிகல்களில் பெரும்பாலும் ட்ராப் இருக்கும்: காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஒரு பூட்டு, குறிப்பிட்ட அலைவெண் வந்தால் கம்பியின் மேல் பகுதியை அறுத்துவிட்டதுபோல் நடந்துகொள்ளும். நன்றாக வேலை செய்யும், ஆனால் மழையில் நனைந்து வெயிலில் வெடித்து மூன்றாவது கோடையில் தகராறு செய்யும். ஒரே நீளக் கம்பியை வைத்து, அதை ஒவ்வொரு பேண்டுக்கும் பொருத்திக் கொடுக்கும் ட்யூனரை அடியில் போடுவது இன்னொரு வழி. இவற்றையெல்லாம் விட, வீட்டில் செய்கிறவருக்கு எனக்குப் பிடித்த வழி, வெவ்வேறு நீளமுள்ள ஒயர்களை ஒரே கம்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அடியில் எல்லாவற்றையும் ஒன்றாக முடிந்துவிடுவது. காயில் கிடையாது, பூட்டு கிடையாது. கெட்டுப்போக ஒன்றுமே இல்லை.

நீளத்துக்கு ஒரு வாய்பாடு: 71.3ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை ஒயரின் நீளம் மீட்டரில் வரும். 7.05க்கு 10.11 மீட்டர். 14.2க்கு 5.02. 28.4க்கு 2.51. மூன்றே ஒயர். ஆனால் கிடைப்பது நான்கு பேண்ட். 7ஐ மூன்றால் பெருக்கினால் 21 அல்லவா? 7க்குக் கால் அலையாக நிற்கும் அதே 10 மீட்டர் ஒயர், 21 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் அலையாகிவிடுகிறது. முக்கால் அலையின் அடியிலும் மின்தடை தாழ்வாகவே இருக்கும். ஹாம் பேண்டுகள் 3.5, 7, 14, 21, 28 என்று 3.5இன் மடங்குகளாக அமைந்ததால் வந்த லாபம் இது.

மூன்று ஒயரும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கும்போது, மின்னோட்டத்துக்கு எதில் ஏறுவது என்று எப்படித் தெரியும்? சிதாரில் வாசிக்கும் தந்திகளுக்கு அடியில் தரப் என்னும் மெல்லிய தந்திகள் வரிசையாக இருக்கும். யாரும் தொடாமலே, சுருதி சேர்ந்தது மட்டும் அதிரும். இங்கேயும் அதுதான். கணக்காகச் சொன்னால் இன்னும் அழகு. 14 மெகாஹெர்ட்ஸ் வரும்போது 5 மீட்டர் ஒயரின் அடியில் தடை சுமார் 36 ஓம். அதே அலைவெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் 10 மீட்டர் ஒயர் அரை அலை நீளம். அரை அலையின் முனையில் தடை ஆயிரக்கணக்கான ஓம். அங்கே நுழைய ஏறத்தாழ எந்த மின்னோட்டமும் மெனக்கெடாது. 28க்கு வந்தால் 5 மீட்டர் ஒயர் அரை அலை, 10 மீட்டர் ஒயர் முழு அலை. இரண்டும் ஆயிரங்களில், 2.5 மீட்டர் மட்டும் திறந்திருக்கிறது. 7க்கு வந்தால் குட்டை ஒயர்கள் இரண்டும் வெறும் கெப்பாசிட்டர்கள். ஸ்விட்ச் எதுவும் இல்லாமல் வழி தானாகத் தேர்வாகிறது.

கட்டுவதற்கு ராமாபுரத்திலிருந்து வெகு தூரம் போக வேண்டியதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயர், பி.வி.சி. பைப், கேபிள் டை, துரு ஏறாத நட்டு போல்ட். கம்பத்துக்கு 10 மீட்டர் ஃபைபர் கம்பம் கிடைத்தால் சௌகரியம். இல்லாவிட்டால் பெயிண்ட் அடித்த நல்ல மூங்கில். அலுமினியப் பைப் எடுத்தால் அதுவே நீண்ட ஒயராகிவிடும். அப்போது அடியில் தடித்த பி.வி.சி. துண்டைக் கொடுத்து அதை மண்ணிலிருந்து பிரித்து நிறுத்த வேண்டும். வெறும் பி.வி.சி. பைப்பை 10 மீட்டர் நிறுத்திப் பார்க்க ஆசைப்படாதீர்கள், சித்திரை வெயிலில் அது வணங்கிவிடும். ஒயர்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். பைப்பைக் குறுக்கே அறுத்த துண்டுகளை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகச் செருகினால் ஒயர்கள் ஒன்றையொன்று தொடாது. காற்றில் ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் நைலான் கயிறு.

வாய்பாட்டின் நீளத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒயரின் மேலுறை அலையைக் கொஞ்சம் மெதுவாக்கும். அதனால் இரண்டு மூன்று சதவீதம் குட்டையாக வெட்ட வேண்டி வரும். பக்கத்து ஒயரும் இழுக்கும். கைநீளம் கூடவே விட்டு, ஏரியலும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, நீண்ட ஒயரில் தொடங்கி விரல் விரலாக வெட்டிக்கொண்டு வருவதுதான் முறை. வெட்டியதை ஒட்ட முடியாது. 21இல் ஒரு சின்னப் பிசிறு உண்டு: ஒயரைச் சற்று நீளமானதுபோல் நடக்க வைக்கும் முனையின் விளைவு முக்கால் அலையில் ஒரே தரம்தான் சேர்கிறது என்பதால், ஒயர் ஒத்திசைவது 7.05இன் மூன்று மடங்கான 21.15இல் இல்லாமல் அதற்குச் சற்று மேலே போய்விடும். பெரும்பாலான ரேடியோக்களில் இருக்கும் ட்யூனர் அதைச் சமாளிக்கும். இன்னொரு குறை தீர்க்க முடியாதது: முக்கால் அலை தன் சக்தியில் பெரும்பங்கைக் கிட்டத்தட்ட 45 டிகிரி கோணத்தில் மேலே வீசுகிறது. ஓசியில் கிடைத்த நான்காவது பேண்டை இதற்கு மேல் குறை சொல்வது நியாயமில்லை.

இனி மண்.

மைசூரு வட்டாரம் பழம்பாறைமேல் படிந்த செம்மண். ராகிக்கும் துவரைக்கும் போதும், வானொலிக்குப் போதாது. கடல்நீர் மீட்டருக்கு 5 சீமன்ஸ் அளவு கடத்தும். நல்ல விளைநிலம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காய்ந்த சரளைச் செம்மண் அதிலும் கீழே. கம்பத்தின் அடியில் ஒரு இரும்புக் கம்பியை மட்டும் அடித்து இறக்கிவிட்டு, இதுதான் எர்த் என்று நின்றால், திரும்பி வர வேண்டிய மின்னோட்டம் முழுவதும் இந்த மண்ணை உரசிக்கொண்டு வர வேண்டும். உரசினால் சூடு. கம்பம் காற்றில் அனுப்பும் சக்தியைக் குறிக்கும் கதிர்வீச்சுத் தடை 36 ஓம். மண்ணின் இழப்பும் அதே அளவு வந்துவிட்டால், 100 வாட்டில் 50 வாட் மண்புழுக்களுக்குப் போகிறது.

மாற்று என்ன? மண்ணை மாற்ற முடியாது, மூடலாம். கம்பத்தின் அடியிலிருந்து நாலாபக்கமும் ஒயர்களைப் பரப்பினால் மின்னோட்டம் மண்ணை விட்டு ஒயரில் ஏறிக்கொள்ளும். இவற்றுக்கு ரேடியல் என்று பெயர். எத்தனை வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனியின் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் ஒரு வயலில் கம்பம் நட்டு, 2, 15, 30, 60, 113 என்று ஒயர்களைப் புதைத்துக்கொண்டே போய் அளந்தார்கள். 1937இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான், மத்திய அலை நிலையங்களின் கோபுரத்தடியில் 120 செம்புக் கம்பிகளைப் புதைக்கும் பழக்கம் நிலைத்தது. கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதைப் போல பல மடங்கு நீளமான கம்பி புல்லுக்கு அடியில் கிடப்பது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு 120 வேண்டாம். தரையில் கிடக்கும் ரேடியலுக்கு நீளம் அவ்வளவு முக்கியமில்லை, மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் அதன் ஒத்திசைவே குழம்பிவிடுகிறது. நீளமான நாலு ஒயரைவிடக் குட்டையான பதினாறு மேல். ஐந்து மீட்டராக வெட்டிப் புல்லின் மேல் விரித்து, வளைத்த கம்பியால் குத்தி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் தானே உள்ளே போய்விடும். மொட்டை மாடியில் நிறுத்தினால் கணக்கு வேறு. அங்கே ரேடியல் மண்ணிலிருந்து உயர்ந்து நிற்பதால், ஒவ்வொரு பேண்டுக்கும் இரண்டு, அதற்குரிய கால் அலை நீளத்தில், எதிரெதிர்த் திசையில் போட்டால் கிட்டத்தட்ட முழுப் பலனும் கிடைக்கும். இரண்டு போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் துணை உண்டு. உயரத்தில் வைக்கும் கிரௌண்ட் பிளேன் ஏரியலை உருவாக்கியவரும் அதே ஜார்ஜ் பிரௌன்தான். முதலில் இரண்டு ரேடியலோடுதான் செய்தார். இரண்டு குச்சி வைத்தால் எல்லாத் திசையும் சமமாகப் போகும் என்று வாங்குகிறவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் நான்காக்கினார்கள். இன்றுவரை நான்குதான். இயற்பியல் கேட்காத இரண்டு குச்சியை வியாபாரம் கேட்டு வாங்கிக்கொண்டது.

இங்கேதான் புதியவர்களைக் குப்புறத் தள்ளும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. ரேடியோவையும் ஏரியலையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்கு 50 ஓம் பிடிக்கும். ரேடியல் குறைவாகப் போட்ட ஏரியலில் 36 ஓமோடு மண்ணின் இழப்பு 14 ஓம் சேர்ந்தால் சரியாக 50. மீட்டர் 1:1 என்று காட்டும். மனம் குளிரும். ஆசையாக இன்னும் பத்து ரேடியல் போட்டால், இழப்பு குறைந்து, மீட்டர் 1.4ஐ நோக்கி ஏறும். மோசமாகிவிட்டதே என்று பறித்துப்போடத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் ஏரியல் திருந்தியிருக்கிறது. முழுப் பொருத்தம் காட்டும் மீட்டரை ஒரு வெர்டிகலின் அடியில் கண்டால், நான் முதலில் ரேடியல் எத்தனை என்றுதான் கேட்பேன். (மொட்டை மாடியில் ரேடியல்களைச் சாய்வாகக் கீழிறக்கினால் இழப்பைக் கூட்டாமலே 50ஐ நெருங்கலாம், அது நேர்மையான 50.)

மண்ணே இல்லாத இடத்தில் வெர்டிகல் எப்படி நடந்துகொள்ளும்? 2004 டிசம்பரில், பல ஆண்டுகளாக ஹாம் குரல் எதுவும் கேட்காத அந்தமானிலிருந்து ஒலிபரப்ப, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போனார். வியூ4ஆர்பிஐ என்ற குறியில் உலகம் முழுவதும் அவரைப் பிடிக்க வரிசை கட்டி நின்றார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்துப்போன தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே, விளையாட்டுக்காகக் கொண்டுபோன அந்தக் கருவிகளே செய்தி கடத்தின. அந்தக் குழு எந்தெந்த ஏரியல் வைத்திருந்தது என்பது இங்கே பேச்சில்லை. ஆனால் தீவுகளுக்குப் போகும் ஹாம்கள் பொதுவாகக் கடலோரத்தில் வெர்டிகலை நடத் துடிப்பதற்குக் காரணம், உப்புநீர் செம்மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்துவதுதான். கம்பத்தடியின் இழப்பு மட்டுமல்ல, தொலைவில், நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால், தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் அங்கே வீணாவதில்லை. தொடுவானத்தை ஒட்டிய கோணத்திலும் சிக்னல் கிளம்பும். அந்தத் தூரத்து மண்ணை எந்த ரேடியலாலும் மூட முடியாது. ராமேசுவரத்துக் கரையில் நிற்கும் மூங்கில் கம்பத்துக்கு, ராமாபுரத்தில் எவ்வளவு செம்பு புதைத்தாலும் ஈடாகாது.

தாழ்ந்த கோணத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. வெர்டிகல் வாங்கினால் எல்லோரோடும் பேசலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 10 டிகிரியில் கிளம்பும் அலை ஒரே தாவலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கும். வளைகுடா நாடுகள், இரண்டு மூன்று தாவலில் ஐரோப்பா, ஜப்பான். சென்னையோ மைசூருவிலிருந்து நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டர்தான். அங்கே இறங்க அலை 50 டிகிரிக்கு மேல் செங்குத்தாக ஏறி, மேலே பட்டு, உடனே கீழே வர வேண்டும். வெர்டிகல் தன் தலைக்கு மேலே எதையும் அனுப்புவதில்லை. அந்தக் கோணத்தில் சிக்னல் மெலிந்துவிடும். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் சென்னை, மதுரை நண்பர்களோடு அரட்டை அடிப்பதுதான் நோக்கம் என்றால், எப்படியாவது மடக்கி ஒடித்தாவது தாழ்வாக ஒரு டைபோலைக் கட்டுவதே மேல். தூரத்துக்கு நிற்க வை, பக்கத்துக்குப் படுக்க வை.

கேட்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்இடி பல்ப், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் கக்கும் இரைச்சல் தரையோரமாகச் செங்குத்து அலையாகவே அதிகம் வருகிறது. வெர்டிகல் அதை அப்படியே வாரிக்கொள்கிறது. மைசூரு நகரத்துக்குள் இருப்பவருக்கு இது பெரிய தலைவலி. வீடுகள் நெருங்காத ஊரில் இருப்பவர் கொடுத்துவைத்தவர். மண் கெடுப்பதை அமைதி கொஞ்சம் ஈடுகட்டும். அந்த இழப்பையும் மிகைப்படுத்த வேண்டாம். பாதிச் சக்தி மண்ணில் போனாலும், எதிர்முனையில் இருப்பவரின் மீட்டர் முள் அரைப் படிதான் இறங்கும். தெளிவாகக் கேட்கும் நாளில் அது யாருக்கும் தெரியாது. விளிம்பில் கேட்கும் நாளில் அதுதான் எல்லாம்.

மழையைப் பற்றி. மைசூருவில் ஏப்ரல், மே மாதக் கோடை மழை இடியோடுதான் வரும். வீட்டிலேயே உயரமான உலோகத்தை நாமே நட்டிருக்கிறோம். கேபிளைக் கழற்றி வெளியே போடுவது தவிர நம்பகமான உபாயம் கிடையாது. நிறுத்தும்போது, கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரத்தில் நிறுத்துங்கள். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். ஒலிபரப்பும்போது கம்பத்தடியைக் குழந்தைகள் தொடாமல் சின்ன வேலி. ஒயரில் இருக்கும் உயர் அலைவெண் மின்னழுத்தம் தோலைச் சுட்டுவிடும்.

கட்டி முடித்த ஏரியல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க இப்போது ஓர் அருமையான வழி இருக்கிறது. துடிப்பு விண்மீன் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம். அவர் 2008இல் விஸ்பர் என்றொரு முறையை உருவாக்கினார். கணினி இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, அழைப்புக்குறி, இடம், சக்தி மூன்றை மட்டும், காதுக்குக் கேட்கவே கேட்காத மெல்லிய சிக்னலாக அனுப்பும். 200 மில்லிவாட் போதும். உலகெங்கும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ரிசீவர்கள் அதைக் கேட்டால், எவ்வளவு வலுவாகக் கேட்டது என்பதோடு தாமாகவே இணையத்தில் பதிந்துவிடும். பத்து நிமிடத்தில் வரைபடம் வந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், நேற்று நாலு ரேடியல், இன்று பதினாறு என்று ஒப்பிட்டு மகிழ முடியாது. நேற்றைய வானம் வேறு. சில வாரங்களுக்கு ஒரே மணி நேரத்தில் அனுப்பிச் சராசரி பார்க்க வேண்டும். அல்லது அதே ஊரில் இன்னொரு ஹாம் தன் ஏரியலை மாற்றாமல் அதே நேரத்தில் அனுப்ப, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஹாம் யாரும் இல்லாவிட்டால், தேதி, பேண்ட், ரேடியல் எண்ணிக்கை, கடைசியாக மழை பெய்த நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஈர மண்ணும் கணக்கில் வரும்.